அடிக்கவில்லை என்று ஒரு மனு

என் மச்சானைப் போலீஸ் லத்தியால் அடித்ததாக அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், அதை இனி ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு சந்தேகமாக அல்ல. சோறு இறங்காத அளவுக்கு நம்பினேன். (எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்பது என்னை நேரில் பார்த்தவர்களுக்குப் புரியும்.)

இதில் கேவலம் என்னவென்றால், நான் உத்திரமேரூர் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். பட்டா நகல், வருமானச் சான்று, தாசில்தாருக்கு மனு, கலெக்டருக்கு மனு என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் என் கடைக்குத்தான் வரும். கம்ப்யூட்டர் என்றால் என்ன, அது எதுவரை செய்யும், எதைச் செய்யாது என்று அடுத்தவர்களுக்கு விளக்கிச் சொல்லியே வயிறு வளர்க்கிறவன். அப்படிப்பட்டவன்தான் இப்படி நம்பினேன்.

எல்லாம் பாஸ்கரால் வந்தது. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். சென்னையில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான். ஒரு நாள் கடைக்கு வந்து, ஒரு அரசு டெண்டரில் கலந்துகொள்ளப் போவதாகவும் அதற்கு என் உதவி வேண்டும் என்றும் சொன்னான். எனக்குத் தெரிந்த டெண்டர் எல்லாம் ஏரி மதகு, சிமென்ட் ரோடு, சத்துணவுக்கூடத்துக்குச் சுண்ணாம்பு. அதனால் எந்த ஏரி என்று கேட்டேன்.

ஏரி இல்லையாம். போலீஸ்காரர்கள் பொதுமக்கள் மீது பலத்தைப் பயன்படுத்தினால், அதாவது பிடித்துத் தள்ளினால், லத்தியைச் சுழற்றினால், கண்ணீர்ப்புகை விட்டால், அதையெல்லாம் ஒரே இடத்தில் பதிவு செய்ய ஒரு தரவு அமைப்பு. யார் மீது, எதற்காக, எதைக் கொண்டு, உடம்பில் எந்த இடத்தில், காயம் உண்டா, முதலுதவி கொடுத்தார்களா என்று எல்லாம் பதிய வேண்டும். இதுவரை இடத்துக்கு இடம் ஒவ்வொரு மாதிரி எழுதிக்கொண்டிருந்ததை ஒரே மாதிரி ஆக்கப் போகிறார்களாம்.

"போலீஸ் அடிச்சா போலீஸே கணக்கு எழுதணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டா. அதுக்குத்தான் டெண்டர்" என்றான்.

அவன் டெண்டர் ஆவணத்தை எடுத்து என் மேஜை மேல் வைத்தான். மேஜை லேசாக ஆடியது. அதில் 'பலப்பிரயோகம்' என்றால் என்ன என்று விளக்கவே பல பக்கங்கள். அதட்டினால் அது பலப்பிரயோகத்தில் சேருமா என்று ஒரு கம்பெனி கேள்வி கேட்டிருந்தது. அதற்குத் துறை கொடுத்த பதில், 'ஆவணத்தைப் பார்க்கவும்.' ஆவணத்தில் அந்த இடத்தைப் பார்த்தால், 'சந்தேகம் இருப்பின் துறையைக் கேட்கவும்' என்று இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு டீ சொன்னேன்.

எனக்குப் புரிந்தது இரண்டே விதிகள்தான். ஒன்று, யார் மீது பலம் பயன்படுத்தப்பட்டதோ அவர் செல்போனுக்கு உடனே தகவல் போக வேண்டும். இன்னொன்று, ஒருமுறை ஏறிய பதிவை யாராலும் அழிக்கக் கூடாது. ஏட்டாலும் முடியாது, எஸ்.பி.யாலும் முடியாது. தப்பு இருந்தால் பக்கத்தில் குறிப்பு எழுதலாம், அவ்வளவுதான். பாஸ்கர் இந்த விதியைச் சொல்லும்போது அவன் குரலே மாறியது. "இதாண்டா இந்த சிஸ்டத்தோட உசுரு. அப்பால யாரும் மறைக்க முடியாது பாரு" என்றான். நல்ல விதிதான். இன்று வரை நான் அதைக் குறை சொன்னதில்லை. அது என்னைப் பிடிக்கும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

என் வேலை சாம்பிள் டேட்டா. அதிகாரிகள் முன்னால் டெமோ காட்டும்போது திரை காலியாக இருக்கக் கூடாது. கிராமத்துப் பெயர்கள், கிராமத்து இடங்கள் என்று நிஜம் மாதிரி பதிவுகள் வேண்டும், தமிழில் வேண்டும். சென்னையில் இருக்கிற அவன் பையன்களுக்குத் தமிழ்ப் பெயராகத் தோன்றுவது எல்லாம் 'ஏபிசி குமார்' வகையறா.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது அப்ளிகேஷன் வந்தால் முதலில் மச்சான் பெயரைப் போட்டுத்தான் ஓட்டிப் பார்ப்போம். விதவை உதவித்தொகைப் படிவம் வந்தபோது தணிகாசலம் விதவை ஆனான். மகப்பேறு நிதி வந்தபோது அதற்கும் அவனைத்தான் போட்டேன். தணிகாசலம் என் மனைவி கஸ்தூரியின் தம்பி. ஏ.சி. மெக்கானிக். பக்கத்துத் தெருவில் இருக்கிறான். நான் கிழித்துப் போடுகிற படிவங்களில் அவன் வாழாத வாழ்க்கை இல்லை.

அந்தப் பழக்கத்தில் முதல் பதிவில் அவன் பெயரைப் போட்டேன். இடம், பேருந்து நிலையம் அருகில். கருவி, லத்தி. அடுத்து திரையில் ஒரு மனித உருவம் வந்தது. அடி விழுந்த இடத்தை அதில் தொட்டுக் காட்ட வேண்டுமாம். அன்று காலையில்தான் தணிகாசலம் கழனியில் வழுக்கி விழுந்து, பம்புசெட் கல்லில் இடித்துக்கொண்டு, இடது தொடையைப் பிடித்தபடி எங்கள் வீட்டுக்குத் தைலம் கேட்டு வந்திருந்தான். அந்த நினைப்பிலேயே இடது தொடையைத் தொட்டேன். செல்போன் எண் கேட்டது. வெறும் ஒன்பதுகளாகப் போட்டேன், ஏற்கவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டுதான், ஒன்று கஸ்தூரியுடையது, இன்னொன்று தணிகாசலத்துடையது. கஸ்தூரியை லத்தியால் அடித்ததாகப் போட எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சமயத்தில் தணிகாசலத்துக்குச் சிங்கப்பூரில் ஒரு வேலை கூடி வந்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தான் (விண்ணப்பம் போட்டதும் என் கடையில்தான்). போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி, அது முடிந்தால் பாஸ்போர்ட் வந்துவிடும். வரத் தாமதமானால் ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிடுவான். இது எனக்கு நன்றாகத் தெரியும். டைப் செய்யும்போது மட்டும் தெரியவில்லை.

டெமோ சென்னையில். காவல் நிலையத்தில் இருப்பவர்கள் தமிழில் சுலபமாகப் பதியலாம் என்று காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று பாஸ்கர் என்னையும் அழைத்துப் போனான். எங்கள் கிராமப்புறத் தரவு நிபுணர் என்று என்னை அறிமுகப்படுத்தினான். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள். உள்ளே வரும்போதே எல்லோருடைய செல்போனையும் ஒரு தட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். மேஜை நடுவிலிருந்து ஒரு ஒயர் வந்தது, அதை பாஸ்கரின் லேப்டாப்பில் செருகினார்கள். எதிர்ச்சுவரில் பெரிதாக, இடது தொடை சிவந்த ஒரு மனிதன் தோன்றினான். பக்கத்தில் 'தணிகாசலம்'. பாஸ்கர் 'தகவல் அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினான். தகவல் போய்விட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அதிகாரிகள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கேள்வி நேரத்துக்கு பாஸ்கர் மட்டும் போதும் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். போனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். செங்கல்பட்டு தாண்டும்போது கஸ்தூரி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, நம்ம தணிகாவ போலீஸ் அடிச்சிட்டாங்களாம்."

"எப்போ?"

"போன வாரமாம். அவனுக்கே இப்பதான் மெசேஜ்ல தெரிஞ்சிகீது."

மெசேஜை அனுப்பச் சொன்னேன். வந்தது. 'தணிகாசலம் அவர்களுக்கு: கடந்த வாரம் உத்திரமேரூர் பேருந்து நிலையம் அருகில் தங்கள் மீது மேற்கொள்ளப்பட்ட பலப்பிரயோகம் (லத்தி, இடது தொடை) பதிவு செய்யப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருப்பின் அணுகவும்.' எங்கே அணுகுவது என்று இல்லை. அந்த வரியை டெண்டர் கிடைத்த பிறகு எழுதிக்கொள்வதாக பாஸ்கர் சொல்லியிருந்தான்.

சுவரில் தொடை தெரிந்ததே, அந்த ஒயர் ஞாபகம் வந்தது. அது ப்ரொஜெக்டருக்குப் போகிற ஒயர். தினமும் அந்த மாதிரி ஒயரைத் துடைத்து வைக்கிறவன் நான். ஆனால் அன்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, அந்த ஒயர் மேஜைக்கு அடியில் போய், தரைக்கு அடியில் போய், தலைமை அலுவலகத்து சர்வர் வரைக்கும் நீண்டுகொண்டே போனது. அங்கே தணிகாசலம் ஏறி உட்கார்ந்துவிட்டான். யாராலும் அழிக்க முடியாது. வெரிஃபிகேஷனுக்கு வருகிற போலீஸ்காரர் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுவார், லத்தி, இடது தொடை என்று வரும். அடி வாங்கியவன் என்றால் எதற்கு வாங்கினான் என்று கேட்பார்கள். சிங்கப்பூர் போச்சு.

பாஸ்கரைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அவன் மனைவியைக் கேட்டேன். டெமோ நல்லபடியாக முடிந்தால் மொட்டை போடுவதாக வேண்டுதலாம், அப்படியே திருப்பதிக்குக் கிளம்பிவிட்டானாம். மலையில் க்யூவில் நிற்கும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இந்த நாட்டில் பாஸ்கரின் போனை வாங்கி வைக்காத இடமே இல்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் தணிகாசலம் கூடத்தில் உட்கார்ந்து மெசேஜை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை. குழப்பம்தான்.

"மாமா, போன வாரம் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கமே போவல. போயிகிறனா?" என்று என்னைக் கேட்டான். தான் அடி வாங்கியதை மறந்துவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அரசாங்கம் தமிழில், அதுவும் அடைப்புக்குறி போட்டுச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

நான் துறை ரீதியான பிழையாக இருக்கலாம் என்கிற மாதிரி எதையோ ஆரம்பித்தேன். கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடது தொடைன்னு போட்டுகீது. அவன் அங்க இடிச்சிக்கினது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நான் போடல. அவன் போடல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயர் பற்றியும் சொன்னேன். தணிகாசலம், "அழிக்கவே முடியாதா மாமா?" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்காமல் போனது.

மனு எழுதுகிறவனுக்குப் பயம் வந்தால் என்ன செய்வான்? மனு எழுதுவான். பதிவை அழிக்க முடியாது, குறிப்பு சேர்க்கலாம் என்பதுதானே விதி? குறிப்புக்கு ஆதாரமாக நாமே முந்திக்கொண்டு உள்ளூர் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தால், அங்கேயும் சிக்கல். என்னிடம் தயாராக இருக்கிற மனுக்கள் எல்லாமே ஏதோ நடந்துவிட்டது என்று சொல்பவை. அடித்துவிட்டார்கள், வேலியைப் பிடுங்கிவிட்டார்கள், மாட்டை ஓட்டிப் போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதற்கு மாதிரி இல்லை. அடிதடி மனுவை எடுத்து வினைச்சொற்களை மட்டும் மாற்றினேன்.

'ஐயா, மேற்படி நாளில் மேற்படி இடத்தில் என் மைத்துனர் தணிகாசலத்தை எந்தக் காவலரும் லத்தியாலோ வேறு எந்த ஆயுதத்தாலோ இடது தொடையிலோ வேறு எங்குமோ அடிக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இது குறித்து எதிர்காலத்தில் எந்தப் புகாரும் அளிக்க மாட்டோம் என்றும் உறுதி கூறுகிறேன்.'

கடைசி வரி, இரண்டு தரப்பும் சமாதானம் ஆகும்போது நான் வழக்கமாகச் சேர்ப்பது. கை தானாகச் சேர்த்துவிட்டது. படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது.

தணிகாசலத்தையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் காவலர் மனுவை வாங்கி, படிக்காமல் முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீது கொடுத்துவிட்டார். நிம்மதியாகத் திரும்பினேன். பின்னாலிருந்து ஏட்டையா கூப்பிட்டார். அவர் மனுவைப் படித்துவிட்டிருந்தார்.

"இன்னா கம்ப்யூட்டர்காரரே, அடிக்கலன்னு எதுக்குய்யா மனு?"

"அடிக்கல சார், அதான்."

"அடிக்காதவன்லாம் மனு குடுத்தா இந்த ஊரே இங்க வந்து நிக்கணுமே?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல முயன்றேன். டெண்டர், லேப்டாப், ஒயர், தொடை என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஏட்டையா நடுவில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எஸ்.ஐ. வெளியே வந்தார். தென் மாவட்டத்துக்காரப் பெண்மணி, புதிதாக மாற்றலாகி வந்தவர். அவர் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தணிகாசலத்தைப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பயப்படாம சொல்லுங்க தம்பி. யாரு உங்களை மிரட்டி இதை எழுத வச்சது?"

"யாரும் மிரட்டல மேடம். எங்க மாமாதான் எழுதினாரு."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், அடித்த போலீஸ்காரரிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு சொந்த மச்சானின் வாயை அடைக்கிற ஒரு புரோக்கர் நின்றுகொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டேன். அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

காயத்தைப் பார்க்கும்படி ஏட்டையாவிடம் சொன்னார். ஏட்டையா தணிகாசலத்தை உள் அறைக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறி வெளியே வந்தார்.

"கீது மேடம். நல்லா கன்னிப் போயிகீது."

"பம்புசெட்டாண்ட வழுக்கி வுழுந்தேன் மேடம்" என்றது தணிகாசலத்தின் குரல் உள்ளேயிருந்து.

"வழுக்கி விழுந்தேன்னுதான் தம்பி எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் எஸ்.ஐ. அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அடுத்து பேருந்து நிலையத்து டூட்டி காவலரை வரச் சொன்னார்கள். சின்ன வயசு. வந்தவரிடம், போன வாரம் இவரை லத்தியால் அடித்தாயா என்று கேட்டார்கள். அவர் தணிகாசலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கையைக்கூடத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் வாலாஜாபாத்ல தேர் பந்தோபஸ்துல இருந்தேன் மேடம்" என்றார், அழுகிற மாதிரி. ஒரு மனுவால் நான் மச்சானின் பாஸ்போர்ட்டைக் காப்பாற்றப் போய், முன்பின் பார்த்திராத ஒரு பையனின் வேலைக்கு வேட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் அடிக்கவில்லை என்று இன்னொரு மனு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். நீங்க ஒண்ணும் எழுத வேணாம் என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள்.

என் போன் அடித்தது. பாஸ்கர். வீடியோ காலில் கூப்பிட்டிருந்தான். திரை முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

"டேய், டெமோ பட்டையைக் கெளப்பிட்டோம்டா. தொடை சீனு செம ஹிட்டு" என்றான்.

எஸ்.ஐ. போனைக் கையில் வாங்கினார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பாஸ்கர் சந்தனத்தைத் தடவிக்கொண்டே எழுந்து நின்றான். அவர் கேட்கக் கேட்க அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அது அவன் லேப்டாப். பதிவு அதற்குள்ளேயேதான் இருக்கிறது. ஒயர் ப்ரொஜெக்டர் ஒயர். மெசேஜ் அவன் கம்பெனிக் கணக்கிலிருந்து டெமோவுக்காகப் போனது, நிஜ ஆள் நம்பர் என்று அவனுக்குத் தெரியாது. அரசாங்க சர்வரா? டெண்டர் கிடைத்தால்தானே மேடம் சர்வரே வாங்குவார்கள் என்றான்.

எஸ்.ஐ. இனிமேல் நிஜமான நம்பருக்கு இப்படி அனுப்பினால் கேஸ் போடுவேன் என்று அவனை எச்சரித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "நீங்க கம்ப்யூட்டர் சென்டர்தானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். டூட்டி காவலர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அவர் மட்டும் போகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

தணிகாசலம் தன் ஒரே கேள்வியைக் கேட்டான். "சார், அப்போ என் பாஸ்போர்ட்டு வெரிஃபிகேஷன்?"

ஏட்டையா அவனை அதிசயமாகப் பார்த்தார். "அது எப்பவோ முடிச்சி அனுப்பிட்டனேப்பா. ஒங்க தெருவுல வந்து விசாரிச்சிக்கினு போனேன், நீ கழனில இருந்த. நல்ல பையன்னு எழுதிகிறேன்."

பாஸ்போர்ட் தபாலில் வந்தது. தணிகாசலம் இப்போது சிங்கப்பூரில் ஏ.சி. பழுது பார்க்கிறான். டெண்டர் வேறு ஒரு கம்பெனிக்குப் போய்விட்டது. (பாஸ்கருக்கு முடி திரும்ப வளர்ந்துவிட்டது. அதில் அவனுக்குப் புகார் இல்லை.) எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது கால் இடறி விழுந்தால், கஸ்தூரி தைலத்தை எடுப்பதற்கு முன்னால், "மெசேஜ் வந்துச்சா?" என்றுதான் கேட்பாள். அவள் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டபோது நான் ஒருமுறை அதையே கேட்டுப் பார்த்தேன். அதை நான் மறுபடி செய்யவில்லை.

அன்று கிளம்பும்போது அந்த மனுவைத் திரும்பக் கொடுத்துவிடும்படி ஏட்டையாவிடம் கெஞ்சினேன். முத்திரை குத்தி எண் போட்ட மனுவைத் திருப்பித் தர முடியாது, விசாரித்ததாக எழுதி முடித்துக் கோப்பில்தான் வைக்க வேண்டும் என்றார். வைத்துவிட்டார். பாஸ்கர் தன் லேப்டாப்பில் இருந்த சாம்பிள் டேட்டாவை அன்று மாலையே அழித்துவிட்டான், ஒரு பொத்தான்தான். ஆக, தணிகாசலம் என்ற பெயரும் போலீஸ் லத்தியும் ஒன்றாக வருகிற பதிவு அரசாங்கத்திடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நான் எழுதிக் கொடுத்த மனு.